ஊராரோடு சேர்ந்து ஒரு விளையாட்டை உருவாக்கும் ஆராய்ச்சி: எப்படித் திட்டமிடுவது, எப்படி மதிப்பிடுவது

ஒரு பிரச்சினையோடு வாழ்கிறவர்களுடன் உட்கார்ந்து அதைப் பற்றி ஒரு விளையாட்டை உருவாக்குவது, அந்த உருவாக்கத்தையே ஆராய்ச்சியாகச் செய்வது, இதை முதல்முறையாகத் தொடங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் முனைவர் பட்ட மாணவராக இருக்கலாம், தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருக்கலாம். நான் வேலை செய்தது சிவகங்கைப் பக்கம் கண்மாய்ப் பாசனம் உள்ள ஓர் ஊரில், தண்ணீர்ப் பங்கீடு பற்றிய ஒரு பலகை விளையாட்டுக்காக. அதனால் எடுத்துக்காட்டெல்லாம் அங்கிருந்துதான் வரும். உங்கள் விஷயம் காசநோயாக இருந்தாலும் குப்பையாக இருந்தாலும் வேலையின் அடிப்படை பெரிதாக மாறாது.

எதை ஆராய்கிறோம்?

இந்த மாதிரித் திட்டங்களில் மூன்று வேறு வேலைகள் சத்தமில்லாமல் கலந்துவிடும். ஒரு விளையாட்டைச் செய்து, அதை ஆடியவர்களிடம் ஏதாவது மாறுகிறதா என்று பார்ப்பது ஒன்று. விளையாட்டை ஒரு கருவியாக வைத்துக்கொண்டு மக்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்ப்பது இன்னொன்று. சேர்ந்து வடிவமைக்கும்போது யாருக்குத் தெரிந்தது என்னவென்று வெளியே வருகிறதே, அதைப் பிடிப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே வருடத்தில் செய்து முடிப்பேன் என்று நிதி விண்ணப்பத்தில் எழுதாதீர்கள், எதுவும் ஒழுங்காக வராது. ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொண்டு மற்றதை அதற்குத் துணையாக வையுங்கள். நாங்கள் மூன்றாவதை எடுத்தோம்.

கேள்வியை ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். எங்கள் கேள்வி கடைசியில் இப்படி வந்து நின்றது: தண்ணீரைப் பற்றிக் கடைமடைக்காரருக்குத் தெரிந்த எது தலைமடைக்காரருக்கும் எங்களுக்கும் தெரியவில்லை, அதை ஒரு விளையாட்டின் விதியாகக் கொண்டுவர முடியுமா? (வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் உள்ளவர் தலைமடைக்காரர், கடைசியில் உள்ளவர் கடைமடைக்காரர்.) இதைக் கேட்ட நீர்பாய்ச்சி ஒருவர், வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர், விளக்கம் எதுவும் கேட்காமல் நேராகப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதற்கு முன் நான் எழுதி வைத்திருந்த நான்கு கேள்விகளுக்கும் அவர் தலையை மட்டும் ஆட்டியிருந்தார்.

விதியை மாற்றும் உரிமை யாருக்கு?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 'கூட்டு வடிவமைப்பு' என்று பெயர் வைத்துவிட்டு, விதிகளை எல்லாம் பல்கலைக்கழகத்தில் முடிவு செய்து, ஊர்க்காரர்களிடம் அட்டையின் நிறத்தையும் மாட்டுப் படத்தையும் பற்றி மட்டும் கருத்துக் கேட்கும் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். கீழ்ப்படிகளில் பங்கேற்பே கிடையாது, நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் வரும், மேலே போனால்தான் முடிவு மக்கள் கைக்கு வரும். குழந்தைகளுக்கென்று இதே போன்ற ஏணியை ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃப்புக்காக எழுதினார். இரண்டையும் படித்துவிட்டு, உங்கள் திட்டத்தின் ஒவ்வொரு கட்டமும் எந்தப் படியில் நிற்கிறது என்று தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். எல்லாமே உச்சிப்படியில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. காகிதம் வாங்குவதற்கு ஊர்க் கூட்டம் தேவையில்லை. ஆனால் விளையாட்டில் யார் முதலில் தண்ணீர் எடுப்பது, எப்போது ஒருவர் தோற்றார் என்று சொல்வது, இது மாதிரி விதிகளை மாற்றும் உரிமை அவர்களிடம் இல்லை என்றால் அந்தப் பெயரையே பயன்படுத்தக் கூடாது என்பது என் கருத்து.

அப்புறம், 'ஊர்' என்றால் யார்? எங்கள் முதல் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. அங்கே யார் வர மாட்டார்கள் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. வந்தவர்களில் நிலம் அதிகம் உள்ளவர்கள் திண்ணையில் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் கீழே. காலனியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை, குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். இரண்டாவது கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம், எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். பெண்கள் மட்டும் ஆடும் அமர்வு ஒன்றைத் தனியாக வைத்தோம். இடம், நேரம், உட்காரும் விதம் மூன்றும் ஆராய்ச்சி முறையின் பகுதிதான், அவற்றைத் திட்ட அறிக்கையில் முறையியல் பகுதியிலேயே எழுதுங்கள்.

காலண்டர், காசு, காகிதம்

உங்கள் கல்வியாண்டுக்கு ஏற்ப வேலையை அடுக்காதீர்கள், ஊரின் ஆண்டுக்கு ஏற்ப அடுக்குங்கள். அந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் நெல். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு வேலை, தை மாதத்தில் அறுவடை. அந்த மாதங்களில் யாரையும் இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மாசியில் ஆரம்பித்து ஆடிக்குள் முக்கியமான அமர்வுகளை முடிக்கும்படி போட்டோம். மழைக்காலத்தில் பதிவுகளை எழுத்தாக்கும் வேலையை வைத்துக்கொண்டோம்.

எழுத்தாக்கம் என்று சொன்னதும் பட்ஜெட் ஞாபகம் வருகிறது. நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் குறைந்தது ஆகும், வட்டாரப் பேச்சு பழகாதவர் என்றால் இன்னும் கூடும். புதிதாக வருகிறவர்கள் அச்சுக்கும் ஓவியத்துக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். வேலையை விட்டு வருகிறவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். அது அன்பளிப்பு இல்லை, அவர்கள் வடிவமைப்பாளர்கள், வேலை செய்கிறார்கள். குழந்தையோடு வரும் பெண்களுக்காக, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில், பேச்சு நடையில் எழுதி வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பதிவு செய்வதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதைச் சொல்வதோடு விடாமல், ஒருமுறை நிறுத்தியும் காட்டுங்கள். சிறுவர்கள் என்றால் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம், அதற்கும் இடம் விடுங்கள். இன்னொன்று, விளையாட்டு யாருக்குச் சொந்தம் என்பதை முதல் மாதமே பேசிவிடுங்கள். பொதுவாகப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு விளையாட்டின் கருத்தையோ ஆடும் முறையையோ காக்காது, எழுதிய விதிப் புத்தகத்தையும் வரைந்த படங்களையும்தான் காக்கும். அதனால் பெட்டியில் யார் பெயர் வரும், நாளை யாராவது விற்றால் பணம் யாருக்கு, ஊர் இலவசமாக நகலெடுத்துக்கொள்ளலாமா, இதெல்லாம் ஒரு பக்கக் காகிதத்தில் கையெழுத்தோடு இருப்பது நல்லது.

முதல் மாதிரியைச் சீக்கிரமே தரையில் போடுங்கள்

இரண்டாவது வாரத்துக்குள் ஆடக்கூடிய ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அழகாக இருக்கக் கூடாது என்பது முக்கியம். வழவழப்பான தாளில் அச்சடித்துக் கொண்டுபோனால் மக்கள் மரியாதைக்காக அதைத் தொடவே தயங்குவார்கள், 'நல்லா இருக்கு சார்' என்பதோடு முடிந்துவிடும். சாக்பீஸால் தரையில் கோடு போட்டால், பிடிக்காத கோட்டைக் காலாலேயே அழிப்பார்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

எங்கள் முதல் மாதிரி இவ்வளவுதான்: ஒரு வட்டம் கண்மாய், ஒரு கோடு வாய்க்கால், அதன் ஓரமாக ஐந்து கட்டம் வயல். இருபது புளியங்கொட்டை தண்ணீர். தலைமடையில் இருப்பவர் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே தள்ளுவார். ஒரு சுற்று முடிந்தது. கடைசிக் கட்டத்தில் இருந்த அம்மா தன் முன்னால் வந்து சேர்ந்த மூன்று கொட்டைகளையும் கையில் எடுத்து எண்ணிப் பார்த்தார், அதில் இரண்டை வாய்க்கால் கோட்டின் மேலேயே திருப்பி வைத்தார். "வாய்க்கா குடிக்கிற தண்ணிய எங்க காணோம்?" என்று கேட்டார். மண் வாய்க்காலில் ஊறிப்போவதும், புல் அடைத்து நிற்பதும், அவர் வயலுக்கு வருவதற்குள் பாதிக்கு மேல் காணாமல் போவதும் எங்கள் விதியில் இல்லவே இல்லை.

அன்றைக்கே விதி மாறியது. ஒவ்வொரு வயலைத் தாண்டும்போதும் ஒரு கொட்டை வாய்க்காலுக்குப் போகும். வாய்க்காலை வெட்டிச் சுத்தம் செய்தால் அந்த நட்டம் இல்லை, ஆனால் அதற்கு எல்லோரும் ஆளுக்கு ஒரு கூலி அட்டையைப் போட வேண்டும். அடுத்த சுற்றில் தலைமடைக்காரர் அட்டையைப் போடவில்லை. "என் வயலுக்குத்தான் தண்ணி வந்துருதே, நான் எதுக்கு ஆள் அனுப்பணும்?" என்றார். விளையாட்டில் சொன்னாரா, நிஜத்தில் சொன்னாரா என்று அவருக்கே தெரியாத மாதிரி ஒரு குரல். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பொதுவளம் பற்றிய ஆய்வுகளில் பக்கம் பக்கமாக வரும் விஷயம் அது, மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் பராமரிப்பில் ஒரே அக்கறை இருக்காது என்பது. அதை ஒரு புளியங்கொட்டை விதியாக எங்களுக்குக் கொண்டுவந்து தந்தவர் அந்த அம்மா.

மாற்றப் பதிவேடு

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு விதி மாற்றத்துக்கும் தேதி, பதிப்பு எண், பழைய விதி, மாற்றச் சொன்னவர், அவர் சொன்ன காரணம் அவர் வார்த்தையிலேயே, புதிய விதி, ஆடிப் பார்த்தபோது என்ன ஆயிற்று, இவ்வளவையும் அதே நாளில் எழுதுங்கள். ஏற்றுக்கொள்ளாத யோசனைகளையும் எழுதுங்கள், ஏன் ஏற்கவில்லை, யார் மறுத்தது என்பதோடு. பலர் இதை வடிவமைப்பின் குறிப்பாக மட்டும் நினைத்து விட்டுவிடுகிறார்கள். இந்த வகை ஆராய்ச்சியில் இதுதான் முதன்மைத் தரவு. ஒரே நேரத்தில் இரண்டு விதியை மாற்றாதீர்கள், எதனால் ஆட்டம் மாறியது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

கருத்து வேறுபாடு வரும், வர வேண்டும். எங்கள் ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'ராத்திரித் தண்ணி' என்று ஓர் அட்டை வேண்டும் என்றார்கள், யாருக்கும் தெரியாமல் இரவில் மடையைத் திறந்துகொள்வது. பெரியவர்கள் சிலர் கோபப்பட்டார்கள், ஊரைத் திருட்டு ஊராகக் காட்டப் போகிறீர்களா என்று. ஓட்டெடுப்பு வைக்காமல் இரண்டு விதமாகவும் ஆடிப் பார்த்தோம். அட்டை இல்லாத ஆட்டத்தில் எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள், பத்து நிமிடத்தில் சலிப்புத் தட்டியது. அட்டை இருந்த ஆட்டத்தில், திருட்டு நடந்த மறுசுற்றிலேயே யாரோ ஒருவர் 'காவலுக்கு ஆள் போடலாமா' என்று கேட்டார். கடைசியில் அட்டையை வைத்துக்கொள்வது, ஆனால் எந்த வயலுக்காரருக்கும் அது வரலாம் என்று பெரியவர்களே விதியைத் திருத்தினார்கள். முரண்பாட்டைக் கூட்டத்தில் பேசித் தீர்ப்பதைவிட ஆடித் தீர்ப்பது பல நேரம் சுலபம், பதிவாகவும் கிடைக்கிறது.

மதிப்பீடு

மதிப்பீட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முதல் மாதத்திலேயே, எதைப் பார்த்தால் இது சரியாக வரவில்லை என்று ஒப்புக்கொள்வோம் என்று எழுதி ஒரு உறையில் போட்டு வையுங்கள். பிறகு எழுதினால் கிடைத்ததற்கு ஏற்ற மாதிரி அளவுகோலை வளைத்துவிடுவோம். மதிப்பிட வேண்டியவை மூன்று, அவற்றைக் கலக்கக் கூடாது: விளையாட்டு எப்படி இருக்கிறது, கூட்டு வேலை உண்மையிலேயே கூட்டாக நடந்ததா, ஆராய்ச்சிக் கேள்விக்குப் பதில் வந்ததா.

விளையாட்டைப் பற்றி 'பிடித்திருந்ததா?' என்று கேட்டுப் பயனில்லை. டீ கொடுத்து உட்கார வைத்தவரிடம் யாரும் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பார்த்துக் குறிப்பெடுங்கள்: விதி புரியாமல் எத்தனை முறை ஆட்டம் நின்றது, எந்த இடத்தில் கைபேசி வெளியே வந்தது, தோற்றவர் கடைசிவரை செய்ய ஏதாவது இருந்ததா, இன்னொரு ஆட்டம் போடலாம் என்று யார் கேட்டது. ஒரு கட்டத்துக்குப் பிறகு, இதில் சம்பந்தமே இல்லாத பக்கத்து ஊர்க்காரர்களிடம் பெட்டியையும் விதித்தாளையும் மட்டும் கொடுத்துவிட்டு நீங்கள் வாய் திறக்காமல் இருங்கள். ரொம்பக் கஷ்டமான ஒரு மணி நேரம் அது, ஆனால் விதித்தாளில் உள்ள ஓட்டை எல்லாம் அப்போதுதான் தெரியும். இன்னொரு வழி, ஒரு பெட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது. ஒரு மாதம் கழித்துப் போனபோது எங்கள் பெட்டியில் புளியங்கொட்டைகள் குறைந்திருந்தன, பதிலுக்குச் சோடா மூடிகள் கிடந்தன. ஆடியிருக்கிறார்கள், தொலைத்திருக்கிறார்கள், ஆட்டம் நிற்கக் கூடாது என்று வேறு எதையோ போட்டிருக்கிறார்கள். எந்தக் கேள்வித்தாளும் எனக்கு இதைவிட நம்பிக்கையான பதிலைத் தந்ததில்லை.

விளையாட்டு சொல்ல வந்தது ஒன்றாகவும் ஆடுகிறவர் எடுத்துக்கொள்வது வேறாகவும் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். நில ஏகபோகத்தின் கேட்டைக் காட்டுவதற்காக எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி உருவாக்கிக் காப்புரிமை வாங்கிய விளையாட்டு ஒன்று உண்டு, 1904இல். அதன் வழியில் வந்ததுதான் மோனோபோலி, மற்றவரைப் போண்டியாக்கினால் வெற்றி என்று உலகம் முழுக்க ஆடுகிறார்கள். நம் பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், புண்ணியமும் பாவமும் எழுதிய கட்டங்கள் போய் வெறும் பாம்பும் ஏணியுமாக எத்தனை வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் ஆட்டம் முடிந்தபின் பேசும் நேரத்துக்கு ஆட்டத்தின் அளவே நேரம் ஒதுக்குங்கள். என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தீர்கள், நிஜத்தில் இப்படித்தானா, எதை மாற்றலாம், இந்த வரிசையில் கேளுங்கள். நிஜத்தைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும்.

கூட்டு வேலை எப்படி நடந்தது என்பதை மதிப்பிட மாற்றப் பதிவேடே போதும். யோசனைகளை எண்ணிப் பிரியுங்கள்: படம், பெயர், நிறம் பற்றியவை எவ்வளவு, விதியைத் தொடுபவை எவ்வளவு, அவற்றில் யாருடையது நிலைத்தது. ஆண், பெண், தலைமடை, கடைமடை, சொந்த நிலம், குத்தகை என்று பிரித்துப் பாருங்கள். நாங்கள் நடுவிலேயே ஒருமுறை இப்படிப் பிரித்தோம். பிள்ளைகள் சொன்ன விதிகளில் பெரும்பாலானவற்றை நாங்களே, ஆராய்ச்சியாளர்களே, 'சிக்கலாக இருக்கும்' என்று தட்டிக் கழித்திருந்தது கறுப்பு வெள்ளையாக அதில் இருந்தது. அதற்குப் பிறகு மறுக்கும் உரிமையை எங்களிடமிருந்து எடுத்துவிட்டோம், எதுவானாலும் ஒருமுறை ஆடிப் பார்த்த பிறகுதான் விடுவது என்று வைத்துக்கொண்டோம். நடுவில் பார்க்காமல் கடைசியில் மட்டும் பார்த்திருந்தால் இதைத் திருத்தியிருக்க முடியாது. முடிந்தால் வடிவமைப்பில் இல்லாத ஒருவரைக் கொண்டு பங்கேற்றவர்களைத் தனியாகப் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள், உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார்கள்.

மூன்றாவது, ஆராய்ச்சிக் கேள்விக்குப் பதில் வந்ததா என்பது. ஆடியவர்களிடம் ஏதாவது மாறுகிறதா என்பதுதான் உங்கள் முதன்மைக் கேள்வி என்றால் ஆந்திராவில் நடந்த நிலத்தடி நீர் விளையாட்டு ஆய்வைத் தேடிப் படியுங்கள். சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் சூழலியல் பாதுகாப்பு அறக்கட்டளையும் சம்பந்தப்பட்ட வேலை அது, ஆய்வுக் கட்டுரைகள் 2016இலும் 2018இலும் வந்தன. ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து, அதிகத் தண்ணீர் குடிக்கும் பயிரா குறைவாகக் குடிக்கும் பயிரா என்று தேர்ந்தெடுப்பார்கள், முதலில் பேசாமல், பிறகு பேசிக்கொண்டு. எனக்கு அதில் பிடித்தது மதிப்பிட்ட விதம். விளையாட்டு நடக்காத ஊர்களையும் ஒப்பிட்டார்கள், பின்னால் போய் அந்த ஊர்களில் தண்ணீர்ப் பதிவேடும் நிலத்தடி நீருக்கான விதிகளும் வந்திருக்கின்றனவா என்று பார்த்தார்கள். விளையாட்டு நடந்த ஊர்களில் அவை வந்திருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவேன்' என்று ஆட்டம் முடிந்த சூட்டில் ஒருவர் படிவத்தில் டிக் போடுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களால் அத்தனை ஊர்களில் செய்ய முடியாது, சரி. இருபது பேரோடு செய்தால் இருபது பேர் என்றே எழுதுங்கள், 70 சதவீதம் என்று எழுதாமல் 'இருபதில் பதினான்கு பேர்' என்று எழுதுங்கள். முன்னும் பின்னும் கேள்வி கேட்டால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் கேளுங்கள். நடுவில் நல்ல மழை பெய்ததா, ஊராட்சியில் வேறு வேலை நடந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் வாய்க்கால் வெட்டும் வேலை அந்த வருடம் நடந்தது. எங்கள் விளையாட்டால்தான் என்று நான் எழுதவில்லை, ஏனென்றால் அதே நேரத்தில் தூர்வாரும் பணிக்கு நிதியும் வந்திருந்தது, இரண்டையும் பிரித்துக் காட்ட என்னிடம் வழி இல்லை.

கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன் ஊருக்குப் போங்கள். கடைசி அமர்வில் நாங்கள் அறிக்கையைப் படிக்கவில்லை, மாற்றப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தோம். யார் எதைச் சொன்னது என்று வரும்போது ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பெயர் வெளியே வர வேண்டாம் என்று இருவர் சொன்னார்கள், எடுத்தோம். வாய்க்கால் குடிக்கும் தண்ணீர் பற்றிய பக்கம் வந்தபோது அந்த அம்மா கையைத் தூக்கி, தான் அன்றைக்கு வைத்தது இரண்டு கொட்டை, நோட்டில் ஒன்று என்று எழுதியிருக்கிறது, திருத்துங்கள் என்றார். திருத்தி, பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டோம்.